பன்னிரண்டாம் எண்

நவம்பரில் வெப்பக்குழாய் கசிந்தபோதுதான்
அலமாரியின் அடித்தட்டைக் காலி செய்தோம்.
யர்மிலா எண்ணினாள், சத்தமாக.
முப்பதைத் தாண்டியதும் மெதுவாக,
ஐம்பதுக்குப் பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே.
அறுபத்தொன்று.

எல்லாம் அஞ்சலட்டை அளவுத் தாள்கள்.
வெட்டி, மடித்து, ஒட்டினால்
ஒரு கலங்கரை விளக்கம், ஒரு மரத்தேவாலயம்,
சர்க்கரை ஆலை, கட்டைவிரல் நீளக் கரி எஞ்சின்.
சம்பள நாள்தோறும்
ஒஸ்ட்ராவா ரயில் நிலையக் கடையில் ஒன்று வாங்குவேன்,
சிகரெட்டை விட்டவன் மிட்டாய் வாங்குவதுபோல.
செய்வதற்கென்றுதான் வாங்கினேன்.
வாங்கியதே செய்ததுபோல் இருந்துவிட்டது.

நனைந்த ஒன்பதைத் துணிக்கொடியில் மாட்டினோம்.
காலுறைகளுக்கு நடுவே
இரண்டு நாள் ஒரு சிற்றூர் தொங்கியது.
"கட்டு, இல்லையென்றால் யாருக்காவது கொடு"
என்றாள். அவ்வளவுதான் சண்டை.

பகலெல்லாம் டிராம் ஓட்டுகிற கை இது.
நெம்புகோலைத் தள்ளினால் முப்பது டன் நகரும்.
இரவில் அதே கை
ஒரு புகைபோக்கியின் நாலு மடிப்புக்காக
மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும்.
மை தீர்ந்த பேனாவால் கோடு அழுத்தி,
பல்குத்தியின் நுனியில் பசை தொட்டு,
வெட்டின வெள்ளை ஓரத்துக்குச் சாயம் தடவி.
பொறுத்தார் பூமி ஆள்வாராம்.
நான் ஆண்டது ஒரு கூரையும் ஒன்றரை ஜன்னலும்,
அதுவும் கோணல்.

வாரத்துக்கு இரண்டு, மூன்று முடிந்தது.
எளிதானதை முதலில் தின்றேன்,
தட்டில் பட்டாணியை ஒதுக்கும் பிள்ளைபோல.

இருபத்து மூன்றாவது, தூர்வாரும் கப்பல்.
பழைய பொருள் சந்தையில் எப்போதோ எடுத்த பழுப்பு உறை.
திறந்தால் தாளில் ஓட்டைகள்.
யாரோ ஏற்கெனவே வெட்டியிருக்கிறார்கள்.
தீப்பெட்டிக்குள் துண்டுகள்,
ஒன்று முதல் பதினொன்று வரை.
என் வெட்டைவிட நல்ல வெட்டு.
வளைவில்கூடக் கத்தி தயங்கவில்லை.
செய்முறைத் தாளில் ஒவ்வொரு எண்ணுக்கும்
பென்சிலில் ஒரு சரி.
பதினொன்றுக்குப் பிறகு ஒன்றுமில்லை.
அடையாளத்துக்கு ஒரு டிராம் சீட்டு,
ஒரு கொருனா காலத்தது,
துளையே போடாதது.

இறந்திருப்பார் என்று நினைத்தேன்.
ஒரு கத்தரிக்கோல் மேசையில் திறந்தபடி கிடப்பதை,
விளக்கை வேறொருவர் வந்து அணைப்பதை நினைத்தேன்.
கண்கூடக் கலங்கியது, கொஞ்சம்.
பிறகு பன்னிரண்டாம் எண்ணைப் படித்தேன்:
வாளி. முப்பத்தாறு செய்க.

ஒவ்வொன்றும் பருப்பளவு.
ஒவ்வொன்றுக்கும் ஐந்து மடிப்பு.

ஐயா, அல்லது அம்மா,
எங்கிருந்தாலும் நன்றாக இருங்கள்.
எழுந்து போனீர்கள், கதவைச் சாத்தினீர்கள்,
வெளியே வெயில் அடித்திருக்கும்.

பதினோரு இரவு.
நடுவில் ஒருநாள் வாளிகள் கனவில் வந்தன,
காலியாக, வரிசையாக,
ஸ்வினோவ் நிறுத்தத்தில் ஏற நின்றன.
முப்பத்தைந்து முடிந்தது.
முப்பத்தாறாவதைக் கம்பளம் விழுங்கிவிட்டது.
முழங்காலில் தேடினேன், கைவிளக்கோடு தேடினேன்,
தூசு உறிஞ்சியின் பையைக்கூடக் கிழித்துப் பார்த்தேன்.

கடைசியில் அந்தச் சீட்டிலிருந்து ஒன்றை வெட்டினேன்.
சங்கிலியின் அடிப்புறத்தில் இருக்கிறது,
ஒரு எண்ணின் பாதி வயிறு அதன்மேல்.
துளை போடாத சீட்டைக் கண்டால்
என் தொழிலுக்கு எப்போதும் உறுத்தும்.
இப்போது பயணம் ஆகிவிட்டது.

யர்மிலா கப்பலை உள்ளங்கையில் வைத்துத் திருப்பினாள்.
"இதில் நீ எதுவரைக்கும்?"
நகத்தால் காட்டினேன்:
முன்பக்கம் அவர், ஓரத்தில் வெள்ளை தெரிகிறது.
பின்பக்கம் நான், சாயம் பூசி ஒளித்திருக்கிறேன்.
அவள் வெள்ளை தெரிகிற பக்கம்
அறையைப் பார்க்கும்படி வைத்தாள்.

மீதம் முப்பத்தெட்டு.
பசை தீர்ந்துவிட்டது.
அறுபத்தொன்றும் தட்டையாக இருந்தபோது
ஒரு தட்டில் அடங்கின.
எழுந்து நின்ற இருபத்து மூன்றுக்கு
இப்போதே ஜன்னல் போதவில்லை.